கேட்டவன்

இரண்டு மணி நேரம் ஓடும், நிற்கும்.
அரை மணி நேரம் சும்மா கிடந்தால்
ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஓடும்.
மூன்றாவது தடவை நின்றபோது
வயர்லெஸ்ஸை எடுத்துக் கேட்டேன்,
யாரிடமென்று இல்லாமல், பொதுவாக.
தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே அறுபது நாட்டிக்கல்.
கிட்டங்கியில் பாதி சூரை.
ஐஸ் கரைகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

பதிலுக்கா பஞ்சம்.
டீசல்ல தண்ணி, என்றார் சின்னத்துறை சில்வேரியஸ்.
நெஞ்சு வலித்தாலும் அவர் சொல்வது அதுதான்.
ஃபில்டரை மாத்து, என்றது வள்ளவிளைப் படகு.
பம்பு போச்சு, ஒண்ணர லெட்சம் எடுத்து வை,
என்று ஒருவர் சிரித்தார்.
காத்தாடியில வலை சுத்தியிருக்கும், குதிச்சுப் பாரு.
இருட்டில். கச்சான் அடிக்கும்போது.
சொன்னவர் குதிக்க வேண்டியதில்லையே.

கடைசியாய் ஒரு குரல், இரைச்சலுக்கு அடியிலிருந்து:
'அண்ணே, தடைக்காலத்துல புதுசா பெயிண்ட் அடிச்சியளா?'

லேய், அவன் என்ஜினைக் கேக்கான்
நீ பெயிண்டக் கேக்க, என்றார் சில்வேரியஸ்.
நாலைந்து படகுகளின் சிரிப்பு ஒரே அலைவரிசையில்.
'டேங்கு மூடியக் கொஞ்சம் தளத்திப் பாருங்கண்ணே.'
ஓவர் கூடச் சொல்லாமல் போய்விட்டது குரல்.

தண்ணி வடித்தேன். இரண்டு சொட்டு இருந்தது,
எப்போதும் இருக்கிற இரண்டு சொட்டு.
ஃபில்டர் மாற்றினேன்.
குதித்தும் பார்த்தேன்.
ஏன் பொய் சொல்ல, பெர்க்மான்ஸைக் குதிக்க வைத்தேன்.
விடிவதற்கு முன்னே, வேறொன்றும் மிச்சமில்லாததால்,
மூடியைத் திருகினேன்.

டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது,
முங்கி எழுந்த சிப்பிக்காரனைப் போல.
காற்றுக்குழாயின் வாயை
அடைத்துக்கொண்டு காய்ந்திருந்தது நீலப் பெயிண்ட்.
நானே அடித்த நீலம்.

ஓடியது. கரை வரைக்கும் ஓடியது.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
ஏலம், கூலி, ஐஸ் கணக்கு, மகளுக்குக் காய்ச்சல்.
அதெல்லாம் இல்லை.
வண்டி ஓடிவிட்டால் கேள்வி மறந்துபோகும், அவ்வளவுதான்.
துறைமுகத்தில் சில்வேரியஸ் என் தோளைத் தட்டி
'நாஞ் சொன்னேம்லா' என்றார்.
டீக்காசும் அவரே கொடுத்தார்.
குடித்தேன்.

கார்த்திகைக் கடைசியில் ஓர் இரவு
நீரோடிப் படகு ஒன்று கேட்கிறது:
ரெண்டு மணிக்கூர் ஓடுகு, நிக்குகு.
டீசல்ல தண்ணி, என்றார் சில்வேரியஸ்.
இந்தமுறை ஒரு சாட்சியும் சேர்ந்திருந்தது:
'ஆவணியில இவனுக்கும் அதான்.'
இவன் என்றது என்னை.

மைக் என் கையில்தான் இருந்தது.
பொத்தானை அழுத்த ஒரு பீடி நேரம் ஆனது.

'எனக்கு நின்னது டீசலால இல்ல.
பெயிண்ட் கேட்டான்லா ஒருத்தன்,
அவன் சொன்னதுதான் சரி. டேங்கு மூடி.'

இரைச்சல்.
பிறகு அந்தக் குரல், எங்கோ தெற்கேயிருந்து:
'சரியா இருந்துதாண்ணே?
அதுக்குப் பெறவு மூணு பேருக்கு அதையே சொன்னேன்.
ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல்ல.
தப்புபோலன்னு நெனச்சு
சொல்லுகத நிறுத்திட்டேன்.'

பெயர் கேட்டேன். ஷெர்ஜின், பூத்துறை.
கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன்,
வரவுப் பக்கத்தில், தொகை போடாமல்.
சில்வேரியஸ் ஏதோ சொல்லப் பொத்தானை அழுத்தி
அழுத்தியதோடு விட்டுவிட்டார்.
கிளிக் என்று மட்டும் கேட்டது.

'நீரோடி, எனக்குச் சரியானது
உனக்கும் சரியாவணும்னு இல்ல.
தொறந்து பாரு. எதுல ஓடிச்சுன்னு
பெறவு வந்து சொல்லு.'
'சரிண்ணே.'

மணி மூன்று.
இன்னும் சொல்லவில்லை.
செட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்துப் படுத்திருக்கிறேன்.
பூத்துறைக்காரனும் அணைத்திருக்க மாட்டான்.