பேட்டரித் தண்ணீர்

காரிமங்கலத்துத் தண்ணீர் காகிதத்துக்கு ஆகாது.
என் பல்லைப் பார்த்தாலே தெரியும்:
காவியோடு முளைத்தவை,
நாற்பத்து நாலிலும் அப்படியே.
அதனால் பைபாஸ் ஓரம்
முனிரத்தினம் பேட்டரி கடையில்
ஐந்து லிட்டர் கேனாக வாங்குகிறேன்.
"எந்த வண்டிக்கு அக்கா?" என்றான் முதல் தடவை.
"ராமருக்கு" என்றேன்.
அப்புறம் அவன் கேட்டதில்லை.

இந்த மாதத்து ராமர்
பாலக்கோட்டு மாவு மில்லில் இருந்து வந்தவர்.
பட்டாபிஷேகம். கல்லச்சு.
ஓரத்தில் பொடி எழுத்தில் ஜெர்மனி.
மில்லை விற்ற மாதம்மாள்
சட்டத்தோடு கொடுத்தாள், ஆணியையும் சேர்த்து.
பின்னட்டையைக் கழற்றினால்
மயில்துத்தம் கலந்த மைதாப் பசை,
அதற்கும் அசராமல் உள்ளே குடியிருந்த பூச்சி.
பெயரைப் பாருங்கள்,
ராமபாணம்.
ராமனின் இடது பாதத்தைத் தின்றிருந்தது,
பரதன் பிடித்த குடைக்காம்பில் பாதியை.
அனுமனைத் தொடவே இல்லை.

முதலில் ரப்பர்த் தூள்,
குழந்தைக்குத் திருநீறு பூசும் அழுத்தத்தில்
வட்டம் வட்டமாக.
வெள்ளைத் தூள் கறுத்து உருண்டது.
பிறகு ஒவ்வொரு நிறத்தின் ஓரத்திலும்
பஞ்சு நுனியால் ஒரு சொட்டு.
நீலம் நின்றது. பச்சை நின்றது.
சிவப்பிடம் இரண்டு முறை கேட்டேன்.
நின்றது.
அதற்குப் பிறகுதான் தட்டில் இறக்கினேன்.
மூன்றாவது தண்ணீரும்
கடுந்தேநீராகத்தான் வடிந்தது.

பெங்களூரிலிருந்து சிவசங்கரப்பா:
"நெத்திக் குங்குமம் எடுத்துடுங்க மேடம்.
சுத்தமா இருந்தா
அமெரிக்கா பார்ட்டி எட்டாயிரம் கூடக் கொடுப்பாரு."

சீதையின் நெற்றியில் அது
பருப்பளவு தடித்திருந்தது.
வெள்ளிக்கு வெள்ளி ஒரு விரல்,
ஒரே ஆளின் விரலாக இருந்திருக்காது.
லென்ஸை மாட்டிக்கொண்டு
இரண்டு இரவு பிளேடு நுனியால் சுரண்டினேன்.
சுரண்டிய பொடி ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கிறது,
எதற்கென்று தெரியவில்லை.

அடியில் ஓட்டை இருக்குமென்று நினைத்தேன்.
இருந்தது நெற்றி.
வெயில் காணாத, மில் புகை காணாத,
அச்சான அன்றைக்கு இருந்த நெற்றி,
ரோஜாவும் மஞ்சளும் புள்ளி புள்ளியாக,
நடுவில் அச்சுக்காரன் வைத்த கடுகளவுப் பொட்டு.
மங்கிய முகத்தில் அந்த வட்டம் மட்டும்
யாரோ டார்ச் அடிப்பது போல.

அப்படியே விற்க முடியாது,
ஒட்டுப் போட்டது என்பார்கள்.
பசைப் பூச்சு ஒன்று கொடுத்து அதன்மேல்
நீர்த்த பழுப்பு, ஒரு துளிக் கறுப்பு.
அழுக்கெடுக்கக் கூலி வாங்குகிறவள்
அரை நாள் உட்கார்ந்து
சீதைக்கு அழுக்குப் பூசினேன்.

பாதத்துக்கு மாதிரி கிடைக்கவில்லை.
கேன் கொண்டுவந்த முனிரத்தினத்தை
நாற்காலியில் உட்காரவைத்து
இடது காலை மடக்கச் சொன்னேன்.
"ராமருக்கா?" என்றவன்
அசையாமல் முக்கால் மணி நேரம் இருந்தான்.
நகத்துக் கிரீஸை நான் வரையவில்லை.
குதிகால் வெடிப்பில் ஒன்றை விட்டுவைத்தேன்.

பின்புறம் பென்சிலால் எழுதினேன்:
இடது பாதம் புதிது.
குடைக்காம்பு பாதி புதிது.
நெற்றி மேல்பூச்சு ஈரப் பஞ்சில் போய்விடும்.
தேதி.

சிவசங்கரப்பா திருப்பிப் பார்த்தார்.
"இதை யாரு கேட்டாங்க மேடம்?"
"பென்சில்தான் சார்.
ரப்பர் உங்ககிட்டயும் இருக்குமே."
சொல்லிவிட்டுச் சிரித்தேன், முழுப் பல்லும் தெரிய.
அவர் பல்லையே பார்த்தபடி
மூவாயிரம் குறைத்து எண்ணினார்.

திரும்பும்போது இரண்டு கேன்.
"கால் போயிடுச்சா அக்கா?"
"அமெரிக்கா போகுது" என்றேன்.
முனிரத்தினம் செருப்பைக் கழற்றி
ஒரு தடவை பார்த்துவிட்டு
மறுபடி மாட்டிக்கொண்டான்.