திருத்திய விலைப்புள்ளி

டாக்டர் சார்,
போன வாரம் நான் கொடுத்த தாளை
நாலாக மடித்து மேசைக்காலுக்கு அடியில் வைத்திருந்தீர்கள்.
மேசை ஆடவில்லை.
அதுவும் நான் செய்த வேலைதான், காசு கேட்கவில்லை.

கே.கே. நகர்க்காரர் நாற்பதாயிரம் குறைத்துச் சொன்னாராம்.
சொல்வார்.
கொரியன் புல்லைப் பாயாகச் சுருட்டிவந்து
கட்டடக் கழிவின் மேல் விரித்துவிட்டுப் போவார்.
ஆனி மாதம் அது
முடி கொட்டிய பொம்மை போலக் கிடக்கும்.

நேற்று பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை
உங்கள் ஸ்கேன் சென்டர் வாசலில் நின்றேன்.
டைல்ஸ் பதித்த முகப்பில் வெப்பமானி ஐம்பத்து மூன்று காட்டியது.
உள்ளே செருப்பை விட்டுவிட்டு வந்த அம்மா ஒருவர்
எக்ஸ்ரே உறையைத் தலைக்குப் பிடித்தபடி
துள்ளித் துள்ளிக் கடந்தார்.
வெயில் அந்தப் படத்தை
உங்களுக்கு முன்பே படித்திருக்கும்.

மற்றவர்கள் எங்கே என்று தேடினேன்.
காம்பவுண்டு மூலையில், டீக்கடை ஓரம்,
போர்டை மறைக்கிறது என்று நீங்கள் வெட்டச் சொன்ன
புங்கைக்கு அடியில் இருபத்திரண்டு பேர்,
ஒரு ஸ்ட்ரெச்சர்.
அங்கே முப்பத்தாறு.
டோக்கன் கூப்பிடுகிற பையன்
அங்கே போய்த்தான் கூப்பிடுகிறான்.
உங்கள் வெயிட்டிங் ஹால் அதுதான் சார்,
என்ஜினியர் பிளானில் மட்டும் இல்லை.

ஆகவே, முதல் வரி: புங்கை இருக்கிறது.
தொகை: ஒன்றுமில்லை.
போர்டை ஆறடி இடப்பக்கம் நகர்த்த
வெல்டர் என்னிடம் இருக்கிறார்.
நீங்கள் கேட்ட நீரூற்றையும்
இரண்டு சிமெண்ட் மான்களையும் அடித்துவிட்டேன்
(பேனாவால்தான்).

சோணைமுத்து கடப்பாரை போட்டுப் பார்த்தார்.
அரை அடியில் உடைந்த டைல்ஸ், சிமெண்ட் சாக்கு, பீர் பாட்டில்.
அதற்கும் கீழே கறுப்பு.
ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோய்,
'கம்மாய் மண்ணுல்ல இது' என்றார்.
பத்திரத்தில் என்ன இருக்கிறதோ, நான் கேட்கவில்லை.
ஆனால் போன ஐப்பசியில்
லிஃப்ட் குழிக்குள் இறங்கிய தண்ணீர்
வழி தெரியாமல் வரவில்லை.

அது வரட்டும்.
முகப்பை நாலு விரல் சரித்து,
அது வந்து நிற்க ஒரு பள்ளம் வெட்டுகிறேன்.
கரையில் வெட்டிவேர், உள்ளே கல்வாழை.
மேற்குச் சுவரில் கொடி ஏறினால்
உங்கள் மெஷின் அறைக்கு இத்தனை காய்ச்சல் இருக்காது,
கரண்ட் கணக்கு தனித்தாளில்.
மரத்தைச் சுற்றி மேலூர்க் கல்லில் இருக்கை,
பதினெட்டு அங்குல உயரம்.
பதினாறில் உட்கார்ந்தால்
மூட்டுவலிக்காரர் எழ இன்னொருவர் கை வேண்டும்.

திருவிழா முடியட்டும்.
அழகர் ஆற்றை விட்டுப் போகும்வரை
என் ஆட்கள் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள்,
இரட்டைக் கூலி சொல்லிப் பார்த்தாயிற்று.

போர் தண்ணீரில் உப்பு.
செடிக்கு என்ன செய்வது என்று
கட்டடத்தைச் சுற்றிவந்தபோது பார்த்தேன்.
ஏசிக் குழாய் மணிக்கு இரண்டு வாளி
சாக்கடையில் சொட்டிக்கொண்டிருந்தது.
ஜன்னலுக்கு உள்ளே குரல்,
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
அப்படி விட்டதன் ஈரமும்
அந்தச் சொட்டில் இருக்கும் சார்.
வேருக்குத் திருப்ப ஓர் எல்போ,
பன்னிரண்டு அடி குழாய்,
முந்நூற்று நாற்பது ரூபாய்.
பட்டியலில் சின்னத் தொகை அது.
மற்ற எதை வேண்டுமானாலும் குறையுங்கள்.

இந்த விலை இருபது நாள் செல்லும்.
மரத்தை வெட்டிவிட்டுக் கூப்பிட்டால் செல்லாது.

இப்படிக்கு,
ஜெ. பிலோமினாள்.

இணைப்பு: மேசைக்காலுக்கு
அட்டைத்துண்டு ஒன்று.