ஐந்தடி பதினொன்று

உயரம் மட்டும் கேட்டார்கள்.
ஐந்தடி பதினொன்று என்றேன்.
ஆம்பளைக்குத்தான் வேலை என்றார் ஜெரால்டு சார்.
பிறகு சூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
உள்ள யாருன்னு யாருக்குத் தெரியப்போகுது என்றார்.
நாளுக்கு எழுநூறு. மதியம் சாம்பார் சாதம்.

படத்தில் அவன் வேறு ஏதோ கிரகத்து மரம்.
நடப்பான், அடிப்பான்,
விழுகிற விண்கலத்தைத் தோளில் தாங்குவான்.
நாலு பாகத்திலும் அவன் பேசியது இவ்வளவுதான்:
ம்.
ராத்திரியில் கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற அதே ம்.
நீயும் அதற்கு மேல் பேசக்கூடாது என்றார்கள்.
பேச்சி என்று பெயர் வைத்த எங்கப்பா
கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அவன் ஏழடி.
அவன் கண்கள் என் உச்சிக்கு மேலே இரண்டு பச்சை பல்பு.
வாயில் கறுப்பு வலை, அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.
அவன் வாய் என் கண்.

பள்ளியில் நான் பனமரம்.
ரேஸ்கோர்ஸ் மைதானத்தில்
வலைக்கு மேலே என் முழங்கை தெரிந்த காலம் மட்டும் பேச்சி.
பிறகு திரும்பவும் பனமரம்.
பதில் தெரியாமல் நிற்பவளை,
சொன்னது விளங்காதவளை,
சாவு வீட்டில் அழ மறந்தவளை
மரம் என்றே திட்டுகிற மொழியில்
மரமாக நிற்பதற்கு எனக்கு முதல்முறை கூலி.

சித்திரை வெயில். பைபாஸ் ரோட்டுத் தியேட்டர் வாசல்.
உள்ளே பெவிகால் வாசனை,
எனக்கு முன்னால் இருந்தவனின் புகையிலை வாசனை.
பிள்ளைகள் ஓடிவந்து தொடையைக் கட்டிக்கொள்ளும்.
"மரத்தண்ணே, போன பாகத்துல செத்துப்போன
நீலக்கலர் அக்கா திரும்பி வருமா?"
ம்.
"ஒங்க ஊர்ல மழ பெய்யுமா?"
ம்.
ஒரு நாய் வந்தது, மோந்தது, காலைத் தூக்கியது.
அது ஒன்றுதான் சந்தேகமே படவில்லை.

ஒரு சாயங்காலம், கூட்டம் உள்ளே போன பிறகு
டிபன் பையோடு ஒரு அம்மா
எனக்கு முதுகு காட்டி நிழலுக்கு நின்றாள்.
என் நிழலுக்கு.
ரொம்ப நேரம் கழித்துத் திரும்பாமலே சொன்னாள்:
"திங்கக்கெழம பெரியாஸ்பத்திரில ரிப்போர்ட்டு தர்றாங்க.
வீட்ல யார்ட்டயும் சொல்லல."
ம் என்றேன்.
என் குரலிலேயே வந்துவிட்டது.
அவள் திரும்பி அவன் வாயைப் பார்த்தாள்.
பட்டையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு
ஆரப்பாளையம் பஸ்ஸுக்கு ஓடினாள்.

சனிக்கிழமை அவன் வந்தான். பெயர் வேண்டாம்.
நாலு வருடத்துக்கு முன் உசிலம்பட்டியில்
எங்கள் வீட்டில் கேசரி தின்றவன்.
பக்கத்தில் நிறுத்திப் பார்த்த அவன் அத்தை
"கொஞ்சம் குனிஞ்சு நில்லு தாயி" என்றாள்.
குனிந்தேன். அப்படியும் நாலு விரல் கூடுதல்.

இப்போது இடுப்பில் பிள்ளை.
மனைவி போனைத் தூக்கிப் பிடிக்கிறாள்.
"தம்பி, கொஞ்சம் குனிப்பா, பிள்ள மொகம் மறைக்குது."
தம்பி.
ஜெரால்டு சார் தூரத்திலிருந்து
குனி குனி என்று கையை அமுக்குகிறார்.
ரப்பர் பட்டைக்குள் என் முதுகெலும்பு
ஒவ்வொரு கணுவாக ஞாபகம் வந்தது.
நான் குனியவில்லை.

கடைசியில் அவன்தான்
பிள்ளையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான்.
முழங்கை நடுங்கியது. பிள்ளை சிரித்தது.
என் கூலியில் ஐம்பது பிடித்துக்கொண்டார்கள்.

வேலை முடிந்த அன்று ஒரு ஓசி டிக்கெட்.
பின்னால் யாரும் முனகாத கடைசி வரிசை.
ஏசியில் வியர்வை உப்பாகக் காய்ந்தது.
திரையில் அவன் முப்பதடி.
ஏதோ நகரம் எரிய, நடுவில் நின்று
மெல்ல வாயைத் திறந்தான்.
தியேட்டரே சேர்ந்து ம் என்றது.
நான் சொல்லவில்லை.
அந்த வாய்க்குள் இருந்த இருட்டையே
பார்த்துக்கொண்டிருந்தேன்,
உள்ளே யாராவது இருக்கிறாளா என்று.