அரை விநாடி

ஜெனரேற்றர் என்னுடையது.
அதனால் டிக்கெட் இல்லை, முன்வரிசை.

டச்பே கரையில் இழுத்துக் கட்டிய வெள்ளைப் படங்கில்
துறைமுகத்துப் பாரந்தூக்கி தலைகீழாய்த் தொங்குகிறது.
லாப்டொப்புக்குப் பின்னால் அகல்யன்.
பேஸ் விழும்போதெல்லாம்
என் சட்டைப்பைச் சில்லறை குலுங்குகிறது.

படம் கலக்குபவள் றொமிலா.
ஒரு குமிழைத் திருக, மீன்வாடி ஐஸ்கட்டி
கரைந்து கரைந்து நிலாவெளி பஸ்ஸாகிறது.
இன்னொன்றைத் திருக
பஸ்ஸின் யன்னல்களில் நாங்கள்:
கமரா எங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

கைதட்டுகிறேன்.
திரையில் இருப்பவன் அரை விநாடி கழித்துத் தட்டுகிறான்.
என்னைவிட வயதானவன்.
முன்நெற்றி ஏறியிருக்கிறது;
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

கோட்டைப்பக்கமிருந்து ஒரு மான் வந்து
திரைக்கு முன்னால் நிற்கிறது.
றொமிலா கமராவைத் திரைக்கே காட்டுகிறாள்.
கொம்புக்குள் கொம்பு, அதற்குள் கொம்பு,
கடைசியில் ஒரு புள்ளி.
அகல்யன் தாளத்தை நிறுத்தவில்லை.
மானும் அசையவில்லை,
மென்றுகொண்டிருக்கிறது, யாரோ எறிந்த
கச்சான் சரையை.

எண்ணெய் முடியப்போகிறது.
இஞ்சின் இருமுவது எனக்கு மட்டும் கேட்கிறது.
கானோடு எழும்புகிறேன்.
திரையில் அவன்
இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.