கரைந்த ஆக்சிஜன்

முந்நூறு மில்லி புட்டி. கண்ணாடி மூடி.
ஒரு குமிழ்கூட உள்ளே சிக்கக்கூடாது.
சாய்த்துப் பிடித்து, அதுவாக நிறையட்டும் என்று
மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன்,
நாற்றத்துக்காகவும்தான்.

மாதத்தின் முதல் செவ்வாய்.
நிஜாமுதீன் பாலத்துக்குக் கீழே ஹர்கேஷின் படகு.
விடியலில் அஸ்தி கரைக்க வந்தவர்களின் சாமந்தி
பலகை இடுக்கில் இன்னும் ஒட்டியிருக்கும்.
நடைக்கு இருநூற்றைம்பது.
ரசீது தரமாட்டான் என்பதால்
அரசாங்கத்துக்காக அதை நானே கொடுக்கிறேன்.

இரண்டு மில்லி மாங்கனீஸ். இரண்டு மில்லி காரம்.
மூடி, கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், பதினைந்து தடவை.
பழுப்பாகத் திரண்டால் தண்ணீரில் மூச்சு இருக்கிறது.
வெள்ளையாகத் திரண்டால் இல்லை.
அவ்வளவுதான் வேதியியல்.
பதினோரு வருடமாக எனக்கு வெள்ளை,
மழை மாதங்களில் எப்போதாவது இலேசான மஞ்சள்.

"பேருக்கு என்ன அர்த்தம் மேடம்?"
அடையாள அட்டையில் அங்கயற்கண்ணி
இந்தியில் இரண்டு வரிக்கு மடங்கிக் கிடக்கிறாள்.
மீன் போன்ற கண்ணுடையவள் என்றேன்.
துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.
"போயும் போயும் இங்கே வந்தீர்களே."

போன டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி.
நட்சத்திரக் குறியிட்டது, மாலை ஐந்துக்குள் பதில் போக வேண்டும்.
யமுனையைக் காக்க அரசு எடுத்த நடவடிக்கைகள் யாவை?
அ முதல் ஈ வரை.
சுத்திகரிப்பு நிலையங்கள் இத்தனை,
கோடிகள் இத்தனை, ஆய்வுக் கூட்டங்கள் இத்தனை.
பொய் ஒன்றுமில்லை. அந்தக் குழாய்களுக்குள்
குனிந்து பார்த்தவள் நான்.
ஈ-க்கு மட்டும் என் எண்கள் வேண்டியிருந்தன.
நதி டெல்லிக்குள் நுழையும் பல்லாவில் ஏழு புள்ளி இரண்டு.
பாலத்தடியில் பூஜ்யம்.
ஓக்லாவில் பூஜ்யம்.

துணைச் செயலர் நல்ல மனிதர்.
மகளுக்கு வாங்கிய இன்ஹேலர்
மருந்துக்கடைப் பையோடு மேசையில் இருந்தது.
"சராசரி போட்டுடலாமே" என்றார்,
உத்தரவு மாதிரி இல்லை, கடன் கேட்பது மாதிரி.

இரண்டு புள்ளி நான்கு.
அப்படி ஒரு நதி எங்கும் ஓடவில்லை.
எந்தப் படித்துறையில் இறங்கியும் அதைத் தொட முடியாது.
ஆனாலும் அது இருக்கிறது,
அவையின் மேசைமேல் முறைப்படி வைக்கப்பட்டு.
கையெழுத்துப் போட்டேன். மணி நாலே முக்கால்.

ஜூலையில் வெள்ளம்.
பழைய இரும்புப் பாலத்தை மூடினார்கள்.
ஹத்னிகுண்டில் திறந்துவிட்ட தண்ணீர்
வெள்ளரிப் பாத்தியை எடுத்தது, ஹர்கேஷின் குடிசையை எடுத்தது,
சாக்கடைகள் அத்தனையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போனது.
அவன் குடும்பம் நெடுஞ்சாலை ஓரம், தார்ப்பாய்க்குள்.
படகை மட்டும் ஒரு மின்கம்பத்தில் கட்டிவைத்திருந்தான்.
"வாங்க, இன்றைக்குத் துடுப்பே வேண்டாம்."

மாங்கனீஸ். காரம். பதினைந்து தடவை.

பழுப்பு.

பால் விடாத தேநீர் நிறத்தில்,
அவசரமில்லாமல், பஞ்சு பஞ்சாக
அடியில் இறங்கியது.
"ஹர்கேஷ், மூச்சு!" என்று கத்தியேவிட்டேன்.
புட்டியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான்.
பிறகு, கூரையின் மூங்கில் நுனி மட்டும்
தெரிந்த இடத்தைப் பார்த்தான்.
"அவளுக்கு வந்துவிட்டது" என்றான்.
கரையில் யாரையோ கூவி,
நிவாரணச் சோறு எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

மாலை, ஆய்வகம். ஐந்து புள்ளி எட்டு.
படிவம் இன்னும் ஈரம், எழுத எழுத மை விரிந்தது.
கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு.
தீப்பெட்டி அகலம்.
ஒரு கதவுநிலைகூட அதற்குள் நுழையாது.
'வெள்ளம்' என்று எழுதிவிட்டு
கொஞ்ச நேரம் பேனாவை எடுக்காமலே இருந்தேன்.
புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது.