நூற்றிருபதாவது கம்பம்

கடைக்காரன் மூன்று டார்ச்சை எடுத்து வைத்தான்.
முதலாவது எழுநூறு டாலர்.
அதை நான் தொடவில்லை,
தொட்டால் விலை ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.
அடுத்தது இருபத்தொன்பது.
பெட்டி மேல் ஒரு லட்சம் லூமென் என்று அச்சு,
பக்கத்தில் பாயும் ஓநாய்.
நியூசிலாந்தில் ஓநாய் இல்லை.
அந்தப் பெட்டிக்குள் ஒரு லட்சமும் இல்லை.
ஏட்டுச் சுரைக்காய்.
அழுத்தினேன்: வெளிச்சம். மறுபடி: மங்கல்.
மறுபடி: ஆம்புலன்ஸ் மாதிரி மின்னியது.
அணைக்க ஐந்து முறை அழுத்த வேண்டுமாம்.
அதற்குள் முயல் வளைக்குப் போய்
பிள்ளை பெற்றுவிடும்.

மூன்றாவது எண்பத்தொன்பது.
ஓநாய் இல்லை. பக்கவாட்டில் ஒரே பொத்தான்,
கையுறையோடு அழுத்தலாம்.
"வெள்ளிக்கிழமை வரைக்கும் வைத்துப் பாருங்கள், மார்னி.
ரசீது மட்டும் பத்திரம்."

இந்த வருடம் கம்பளி விற்ற காசு
கத்தரித்தவர்கள் கூலியோடு சரி.
பத்து முயல் சேர்ந்தால் ஓர் ஆட்டின் புல் போகும்.
மேற்கு வயலில் எத்தனை ஆடுகளின் புல்
காதுகளோடு ஓடிக்கொண்டிருக்கிறதென்று
நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

குடத்திலிட்ட விளக்கு உதவாது.
குன்றிலிட்டதும் உதவாது:
நாலா பக்கமும் சிதறி
மூக்கெதிரே நிற்கும் பனிமூட்டத்தைத்தான் காட்டும்.
எனக்கு வேண்டியது ஊசி.
ஒல்லியாக, நேராக,
போய்ச் சேருகிற வெளிச்சம்.

புதன் இரவு வேலியோரம் நின்று எண்ணினேன்.
ஐந்து மீட்டருக்கு ஒரு கம்பம்.
எண்பதாவதில் பகலில் கட்டிவைத்த நீலக் கயிறு
நீலமாகவே தெரிந்தது.
நூறாவதில் நீலம் போய் வெறும் கயிறு.
நூற்றிருபதாவதில்
கயிறா, கயிறு இருக்கிறது என்ற நம்பிக்கையா,
சொல்ல முடியவில்லை.
போதும் என்றேன்.

வியாழன். ராவிரி வண்டி ஓட்ட
நான் பின்தட்டில், துப்பாக்கி குண்டேற்றாமல்.
மாற்று பேட்டரி உள்சட்டைக்குள்,
உறைபனியில் அதுவும் செத்துப்போகும்.
ஆட்டுக் கண் பச்சை. முயல் கண் சிவப்பு.
ஆனால் கண் என்பது வெறும் புள்ளி.
காது தெரிய வேண்டும், முதுகு தெரிய வேண்டும்,
முதுகுக்குப் பின்னால் என்ன என்பதும்.

நாலு முயல் ஆயிற்று.
ஐந்தாவதைத் தேடி எல்லைவேலி பக்கம் திருப்பினேன்.

டூகல்.

இரவு அங்கி, முழங்கால்வரை பூட்ஸ்,
ஒரு கை வேலிக்கம்பியில்.
ஆறு மணிக்குத்தான் ஃபோன் செய்திருந்தேன்,
இன்றைக்குச் சுடுகிறோம் என்று.
வீட்டுக்குள்ளேயே இருப்பேன் என்றார்.
ஐலா போன மார்ச்சுக்குப் பிறகு
அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறார்.

மனிதக் கண் பச்சையாகவும் மின்னவில்லை,
சிவப்பாகவும் மின்னவில்லை.
வந்த வெளிச்சத்தை அது
உள்ளேயே வைத்துக்கொண்டது.

அணைத்தேன். ஒரே அழுத்தல்.
ராவிரி இன்ஜினையும் நிறுத்தினான்.
கல்லாய் உறைந்த புல்லின் மேல்
இரண்டு பேரும் மூச்சுவிடுவது கேட்டது.
அந்தப் பக்கம் ஒருவர் பூட்ஸோடு
மெதுவாக வீட்டுக்குத் திரும்புவதும்.

காலையில் அவரே கூப்பிட்டார்.
"நல்ல டார்ச். எவ்வளவு?"
"எண்பத்தொன்பது."
"பரவாயில்லை. எவ்வளவு தூரம் போகும்?"
"உங்கள் வேலி வரைக்கும்."
"தெரிந்தது."
கெட்டில் கொதிக்கும் சத்தம்,
அவர் வீட்டிலா என் வீட்டிலா.
"பூனையைத் தேடினேன், மார்னி.
அவளுடையது.
பதினோரு நாளாகக் காணோம்."

வெள்ளிக்கிழமை கடைக்குப் போகவில்லை.
ரசீதைத் திருப்பிப்போட்டு
பின்புறம் எழுதினேன்:

சாம்பல் நிறம்.
கண் பச்சை, ஆட்டினுடையது மாதிரியே.
ஆனால் தரையோடு தாழ்வாக.