நிர்வாகியின் அனுமதி தேவை

ரோலா சந்தில் முந்நூற்று இருபது திர்ஹம்.
சார்ஜர் தனியாகப் பதினைந்து.
மொனிருல் பேரத்துக்கு இடம் தரவில்லை.
"ஆபீஸ் மெஷின் பாய், ஒரே கை ஓட்டினது"
என்றான், கார் விற்கிறவனைப் போல.

அடியில் பாதி சுரண்டிய ஸ்டிக்கர்.
கம்பெனிப் பெயரில் 'மரீன்' மட்டும் மிச்சம்.
கீழே, சொத்து எண் 0417.

திறந்ததும் வலது மூலையில் ஒரு பூட்டு
மஞ்சளாகத் துடிக்கிறது.
தலைமையகத்தோடு இணைக்கிறேன் என்கிறது.
முடியவில்லை என்கிறது.
முப்பது நொடி பொறுத்து மறுபடி
இணைக்கிறேன் என்கிறது.

தான் போய்ச் சேராதவரை
வேறு எதையும் அது போகவிடாது.
ஐந்து பேர் பங்கு போட்ட அறை வைஃபை
முழுக் கோடும் காட்டி நிற்கிறது,
ஒரு பக்கமும் திறக்கவில்லை.
வீட்டுத் தண்ணீர் மொத்தமும் ஒரே குழாய் வழி.
அந்தக் குழாய் போய் முடியும் தொட்டியை
யாரோ எப்போதோ இடித்துவிட்டார்கள்.

பயனர் பெயர் ஏற்கெனவே நிரப்பியிருக்கிறது:
ரொவீனா.டி
கடவுச்சொல்லில் எட்டுப் புள்ளிகள்.

மேல் கட்டிலிலிருந்து குலசேகரன் எட்டிப் பார்த்தார்.
லிஃப்ட் மெக்கானிக். எதையும் மொத்தமாக நிறுத்தித்தான் பழக்கம்.
"ஃபார்மட் அடிச்சு விடுங்க."
அடித்தால் உள்ளே இருக்கும் ஒரிஜினல் எக்ஸலும் போகும்.
அதற்காகத்தானே வாங்கினேன்.

நீக்கு என்றேன்.
நிர்வாகியின் அனுமதி தேவை என்றது.

சிரிப்பு வந்தது.
எனக்கு டைப்பிங் சென்டரில் வேலை.
ஒரு நாளைக்கு இருபது கேன்சல் அடிக்கிறேன்.
பாஸ்போர்ட் நகல், கம்பெனி முத்திரை,
பாக்கி எல்லாம் வாங்கிக்கொண்டேன் என்று
ஆள் போடும் ஒரு கையெழுத்து.
வாங்கினாரா என்று நான் கேட்பதில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
நான்கு நிமிடம். சுலைமானி ஆறுவதற்குள்
பதினோரு வருடத்து ஆள் இல்லை.
என்னுடையது எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று தெரியும்.
கூட்டமில்லாத நாளில் திறந்து பார்ப்பேன்,
தேதியை மட்டும்.

இங்கே ஒரு பூட்டுப் படம்
மூன்று ராத்திரியாக
அசைய மாட்டேன் என்கிறது.

வெள்ளி மதியம், எல்லோரும் தூங்கி
ஏசி மட்டும் முனகுகிற நேரம்,
பாதுகாப்பு முறையில் திறந்தேன்.
பின்னால் ஓடும் சேவையை நிறுத்தினேன்.
மறைந்த சாதனங்களையும் காட்டு என்றதும்
சாம்பல் நிறத்தில் வரிசையாக எழுந்தன
கையால் தொட முடியாத நெட்வொர்க் அட்டைகள்.
ஒன்றை நீக்க, இன்னொன்று.
நான்கு. ஐந்து.
எல்லாம் ஒரே அட்டைதான்.
ஒவ்வொரு முறை அறுந்தபோதும்
புது எண் போட்டுக்கொண்டு
மறுபடி வரிசையில் நின்றிருக்கிறது.

அதன் அடியில் இன்னொரு பட்டியல்,
இந்தப் பெட்டி எங்கெங்கே வைஃபை வாங்கியது என்று,
தேதி வாரியாக:

தலைமையகம், நான்காம் தளம்.
தலைமையகம், கூட்ட அறை.
ஹம்ரியா துறைமுகம், விருந்தினர்.
தலைமையகம், இரண்டாம் தளம்.
தலைமையகம், கீழ்த்தளம்.
நஹ்தாவில் ஏதோ ஒரு சலவைக் கடை.
தொழிலாளர் தகராறு, காத்திருப்பு அறை.
தொழிலாளர் தகராறு, காத்திருப்பு அறை.
மறுபடி அதே அறை, ஏழு வாரம் கழித்து.
மொனிருல் மொபைல்ஸ்.

அந்தக் கடைசிப் பெயரில் சுட்டி நின்றுவிட்டது.
கம்பெனி விற்ற பெட்டி என்றல்லவா நினைத்திருந்தேன்.

எவ்வளவு கொடுத்திருப்பான் இதற்கு?
இருநூறு? நூற்றெண்பது?
எத்தனை மாதச் சம்பளத்தில் கழித்திருப்பாள்?
சார்ஜரையும் தந்தாளா,
பதினைந்து திர்ஹம் அதற்குத் தனியாகக் கிடைத்ததா?

பூட்டைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன்.
இம்முறை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.
பட்டியலைத் தொடவில்லை.
அது எதையும் தடுப்பதில்லை,
இருந்துவிட்டுப் போகட்டும்.

நீக்கம் முழுமையாக மறுபடி தொடங்க வேண்டுமாம்.
இப்போதா, பிறகா என்று கேட்கிறது.

"ஸ்கோர் பாக்க முடியுமா?"
குலசேகரன் போர்வைக்குள்ளிருந்து.

பொறுங்கள் என்றேன்.
பிறகு என்பதை அழுத்திவிட்டு
குக்கரை இறக்கப் போனேன்.